திருமலையில் வீட்டு இணையமும் டிவியும்: எந்த இணைப்புக்குக் காசு கட்டலாம்?

திருகோணமலையில் எந்தக் கொம்பனியின் இணைப்பு நல்லது என்று கேட்டால், வீடு எங்கே என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. மத்திய வீதியில் ஓடும் இணைப்பு சாம்பல்தீவில் ஓடாது. உவர்மலையின் ஒரு சரிவில் முழு சிக்னல் காட்டும் 4ஜி ரவுட்டர், அதே மலையின் மறுபக்கத்தில் ஒரு கோட்டோடு நிற்கும். துண்டுப்பிரசுரத்தில் நான்கைந்து பெயர்கள் இருக்கலாம். உங்கள் படலை வரை வருவது ஒன்றோ இரண்டோதான். போட்டி என்று நாட்டளவில் பேசுவதெல்லாம் உங்கள் ஒழுங்கைக்கு எத்தனை வழி வருகிறது என்பதில்தான் முடிகிறது. அதனால் இங்கே பெயர்களை வரிசைப்படுத்தவில்லை. இணைப்பு வகைகளையே மதிப்பிடுகிறோம்.

ஃபைபர் (ஒளியில் தகவல் கொண்டுவரும் கண்ணாடி இழைக் கம்பி) ஒழுங்கைக்கு வந்திருந்தால் வேறு யோசனை வேண்டாம், அதையே எடுங்கள். ஆனால் "உங்கள் பகுதியில் ஃபைபர் உண்டு" என்று முகவர் சொல்வதை நம்பி முற்பணம் கட்ட வேண்டாம். வீட்டுக்கு அருகிலுள்ள தொலைபேசிக் கம்பத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி தொங்கும். அங்கிருந்துதான் வீடுகளுக்கு மெல்லிய கம்பி பிரியும். ஒரு பெட்டியில் உள்ள துளைகளுக்கு அளவு உண்டு. அவை நிரம்பிவிட்டால், ஃபைபர் கம்பம் வாசலிலேயே நின்றாலும் உங்களுக்கு இணைப்பு வராது. பணம் கட்டியும் மாதக்கணக்கில் காத்திருப்போரில் பலருக்கு இதுதான் சிக்கல். கிளைக்குப் போய் அந்தக் கம்பத்தின் இலக்கத்தைக் கொடுத்து, "இந்தப் பெட்டியில் வெற்றுத் துளை இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்று பதில் வந்த பிறகு விண்ணப்பப் படிவத்தை நிரப்பலாம்.

பொருத்த வரும் நாளில் வீட்டில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். கம்பி தென்னைகளுக்கு அடியால் வரக்கூடாது. காய்ந்த மட்டை ஒன்று விழுந்தால் போதும், இணைப்பு அறுந்துவிடும். வாசலில் லொறி வரும் இடம் என்றால் கம்பியின் உயரத்தைப் பாருங்கள். சுவருக்குள் நுழையும் முன் கம்பியைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுப் பிறகு மேலேற்ற வேண்டும். அப்படிச் செய்தால் மாரி மழைத் தண்ணீர் கம்பி வழியே உள்ளே வராமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மூலைகளில் கம்பியை மடித்து ஆணி அடிக்க விடாதீர்கள். 3 சென்ரிமீற்றர் ஆரைக்குக் குறைந்த வளைவில் ஒளி வெளியே கசியும்.

பொருத்தி முடித்ததும் வருபவரிடம் ஒன்று கேளுங்கள்: வீட்டுப் பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு என்ன? அவர் கையில் அதற்கான மானி இருக்கும். இந்த வகை இணைப்பில் −8 முதல் −27 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு) வரை பெட்டி வேலை செய்யும். ஆனால் −25 ஐத் தாண்டிப் போனால் விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம். இன்று படம் ஓடும், நாளை ஒரு சிறு தூசிக்கு நின்றுவிடும். −15 முதல் −23 வரை இருந்தால் நிம்மதி. அந்த எண்ணையும் திகதியையும் பெட்டியின் பின்பக்கம் பேனாவால் எழுதி வையுங்கள். பிறகு எப்போதாவது வேகம் விழுந்தால், அதே எண்ணை மறுபடி பார்க்கச் சொல்லலாம். 3 டிபி குறைந்திருந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். மூட்டில் அழுக்கோ, எங்கோ மடிப்போ, அணில் கடித்த இடமோ இருக்கும். "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ" என்ற பதிலோடு அந்த முறைப்பாட்டை முடித்துவிட முடியாது.

பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை. வீட்டுக்குள் நீங்கள் செய்ய எதுவும் இல்லை, பச்சைத் தலைக் கனெக்டரைக் கழற்றி ஊதிப் பார்க்கவும் வேண்டாம். வாய் ஈரம் பட்டால் இருந்ததும் போகும். பொன் (PON) என்ற விளக்கு பச்சையாக நிலைத்து நின்றும் இணையம் இல்லை என்றால், சிக்கல் கம்பியில் இல்லை. கணக்கிலோ, பில் நிலுவையிலோ, ரவுட்டர் அமைப்பிலோ இருக்கும். அழைக்கும்போது எந்த விளக்கு எந்த நிறத்தில் என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். தொலைபேசியில் பாதி நேரம் மிச்சம்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதிலும் ஃபைபர்தான் முன்னுக்கு நிற்கிறது. தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து உங்கள் வீடு வரை இடையில் மின்சாரம் கேட்கும் சாதனம் எதுவும் இல்லை. நிலையத்தில் ஜெனரேற்றர் இருக்கும். ஆக வீட்டுப் பெட்டிக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால் போதும். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ற்றில் ஓடுபவை. அடப்டரில் எத்தனை அம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, அதே வோல்ற்றும் அதற்குக் குறையாத அம்பியரும் தரும் சிறிய டிசி யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். 4ஜி கோபுரங்கள் பற்றரியில் நிற்பவை. நீண்ட மின்வெட்டில் பற்றரி இறங்கியதும் உங்கள் வீட்டு யூபிஎஸ் எதற்கும் உதவாது.

100 எம்பிபிஎஸ் வேகம் வாங்கி 30 தான் வருகிறது என்ற குறை பல வீடுகளில் கேட்கும். பெரும்பாலும் அது வைஃபையின் குறை. 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையில், சீமெந்துக் கல் சுவர் இரண்டைத் தாண்டினால், 30 வருவதே நல்லது. கேட்5இ (Cat5e) நெற்வேர்க் கேபிள் ஒன்றை நேரே மடிக்கணினியில் செருகி, காலையில் ஒரு தடவையும் இரவு எட்டரைக்கு ஒரு தடவையும் அளந்து பாருங்கள். இரண்டு நேரமும் கேபிளில் முழு வேகம் வந்தால் இணைப்பு சரி. அறைக்குள் இன்னொரு வைஃபைப் பெட்டி தேவை, அவ்வளவுதான். இரவில் மட்டும் கேபிளிலும் விழுந்தால் முறைப்பாட்டுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

பழைய செப்புக் கம்பியில் ஏடிஎஸ்எல் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பரிவர்த்தனை நிலையத்திலிருந்து மூன்று, நான்கு கிலோமீற்றர் தள்ளினால் வேகம் கரைந்துவிடும். கடலோரத்தில் மூட்டுகளில் பச்சை பூக்கும். மழையில் தொலைபேசியில் கரகரப்புக் கேட்டால் இணையமும் அன்று அறுந்து அறுந்துதான் வரும். ஃபைபருக்கு மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அதற்காகச் செலவழிக்கும் நேரம் வீண்போகாது.

இனி 4ஜி வீட்டு இணைப்பு. கன்னியா, நிலாவெளி, குச்சவெளி, மூதூர்ப் பக்கத்தில் பல வீடுகளுக்கு இதுதான் கைக்கெட்டிய வழி. வாங்குவதற்கு முன் அதே கொம்பனியின் சிம்மை ஒரு போனில் போட்டு, ரவுட்டர் வைக்கப்போகும் அறையிலேயே இரவு எட்டுக்கும் பத்துக்கும் இடையில் அளந்து பாருங்கள். பகல் பதினொரு மணிக்கு விற்பனையாளர் காட்டும் வேகம் வெறும் கோபுரத்தின் வேகம். இரவில் ஊரே அந்தக் கோபுரத்தில் தொங்கும். உப்புவெளி, நிலாவெளியில் இன்னொரு விடயமும் உண்டு: ஏப்ரல், மே தொடங்கி செப்டெம்பர் வரை விருந்தினர் விடுதிகள் நிறையும். பெப்ரவரியில் அளந்த வேகம் ஓகஸ்ட்டில் இருக்காது.

ரவுட்டரின் உள்பக்கத்தில் (192.168.1.1 அல்லது 192.168.8.1 என்று தட்டினால் வரும்) ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் வலிமை), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலுக்கு மேலாகச் சிக்னல் எவ்வளவு தெளிவு) என்ற இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது −90 அளவில் இருந்தால் நல்லது, −110 க்குக் கீழே போனால் தேறாது. அதைவிட இரண்டாவதுக்குத்தான் மதிப்புக் கொடுக்க வேண்டும். 13 க்கு மேல் நல்லது, பூச்சியத்துக்குக் கீழே என்றால் முழுக் கோடுகள் காட்டினாலும் யூடியூப் சுற்றிக்கொண்டேயிருக்கும். ரவுட்டரை ஒரு சன்னலிலிருந்து அடுத்த சன்னலுக்கு மாற்றி வைத்து இந்த எண்களைப் பாருங்கள். காசு செலவில்லாமல் வேகம் கூடும் ஒரே வழி இது. கூரைக்கு மேல் வைக்கும் வெளிப்பெட்டி இன்னும் நல்லது, ஆனால் அதன் அடிக் கனெக்டரை உப்புக்காற்று தின்னும். நன்றாக ரேப் சுற்றாவிட்டால் அடுத்த மாரியோடு முடிந்தது. ரவுட்டர் பெரும்பாலும் அந்தக் கொம்பனியின் சிம்முக்கு மட்டும் பூட்டியிருக்கும் என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். விலகினால் அந்தப் பெட்டி அலுமாரிக்குத்தான்.

ஜிபி கணக்கு தனி. எச்டி படம் மணிக்கு ஏறத்தாழ 3 ஜிபி, சாதாரணத் தரம் 1 ஜிபிக்கு உள்ளே, 4கே என்றால் 7 வரை. ஒரு இருபது ஓவர் கிரிக்கெட் போட்டியை முழுதாக எச்டியில் பார்த்தால் 10 ஜிபி போய்விடும். இரவு டேட்டாவையும் சேர்த்துப் பெரிய எண் காட்டும் பொதிகளில், பகலில் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் ஜிபியால் பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்பு நடக்காது. அன்லிமிட்டட் என்று எழுதியிருந்தால் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், எத்தனைக்குக் குறையும் என்ற இரண்டு எண்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

டிவிக்கு இங்கே இரண்டு பெரிய வழிகள்: ஸ்ரீலங்கா டெலிகொம் கம்பியில் வரும் பியோ டிவி, வானத்திலிருந்து வரும் டயலொக் டிவி. தமிழ் அலைவரிசைகளின் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், அதை வாங்கும் நாளில் சரிபாருங்கள். சக்தி, வசந்தம், நேத்ராவுக்காக மட்டும் என்றால், நல்ல கூரை அன்ரனாவில் படம் தெளிவாக வரும் இடங்களில் மாதக் காசு தேவையே இல்லை. அதை முதலில் பரீட்சித்துப் பாருங்கள்.

டிஷ்ஷின் எதிரி மழை என்று எல்லோருக்கும் தெரியும். திருமலையில் காற்றும் எதிரி. டயலொக்கின் செய்மதி கிழக்கு நெடுங்கோடு 45 பாகையில் நிற்கிறது. நமக்கு அது ஏறக்குறைய நேர் மேற்கு, சற்றே தெற்கு, அடிவானத்திலிருந்து 47 பாகை உயரம். ஆக டிஷ்ஷின் முகம் மேற்கே பார்க்கும், மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று அந்த முகத்திலேயே அடிக்கும். சுவர் ஆணி தளர்ந்தால் தட்டு ஒரு பாகை திரும்புவது கண்ணுக்குத் தெரியாது. வெயில் நாளில் படம் வரும், சிறு தூறலுக்கே போய்விடும். மழைக்குப் படம் போகிறது என்று அழைப்பவர்களில் பலருடைய தட்டு உண்மையில் கச்சானில் திரும்பிய தட்டு. கன மழையில் பத்து நிமிடம் போவது இயல்பு. தூறலில் போனால் தட்டைத் திருத்த வேண்டும். பொருத்தும்போது நான்கு விரிவு ஆணிகளும் கல்லில் இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள், சாந்தில் இறங்கினால் நிற்காது. கல்வனைஸ் ஆணிகளே வேண்டும். மேற்கே வளர்ந்துவரும் மாமரமோ வேம்போ இருந்தால் இரண்டு வருடத்தில் அது சிக்னலை மறைக்கும், இடத்தை இப்போதே மாற்றுங்கள்.

தட்டின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்என்பியில் கேபிள் சேரும் இடம்தான் கடலோர வீடுகளில் முதலில் போகும். ஆர்ஜி6 கேபிளின் நடுச் செப்பு கறுத்திருந்தால் முனையை வெட்டிப் புதிய எஃப் கனெக்டர் போட்டு, இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் ரேப்பால் மூட வேண்டும். சாதாரண இன்சுலேஷன் ரேப் வெயிலில் உரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. எல்என்பியையே மாற்ற வேண்டும் என்று சொல்பவரிடம் முதலில் அந்தச் செப்பைக் காட்டச் சொல்லுங்கள். மார்ச் நடுவிலும் செப்டெம்பர் கடைசியிலும் பிற்பகலில் சில நிமிடங்கள் படம் போகும் நாட்கள் உண்டு. சூரியன் செய்மதிக்குப் பின்னால் நேர்கோட்டில் வருவதுதான் காரணம். யாரையும் அழைக்க வேண்டாம், காசும் கொடுக்க வேண்டாம்.

கம்பி வழி டிவிக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. ஃபைபரில் வந்தால் மழையும் மின்னலும் அதைத் தொடாது, உங்கள் ஜிபியிலும் கழியாது. தனி வழியில் வருகிறது. ரவுட்டரில் அதற்கென ஒதுக்கிய துளையில்தான் பெட்டியின் கேபிளைச் செருக வேண்டும். வீடு கூட்டும்போது கழன்று வேறு துளையில் செருகினால் டிவிப் பெட்டி தொடங்காமல் நிற்கும், பெட்டி பழுது என்று தூக்கிக்கொண்டு கிளைக்குப் போவோர் நிறைய. குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: கம்பி அறுந்தால் தொலைபேசி, இணையம், டிவி மூன்றும் ஒன்றாகப் போகும்.  மூன்றையும் சேர்த்த பொதியில் மாதம் சில நூறு ரூபா குறையும். அந்தச் சில நூறு உங்கள் பேரம் பேசும் பலத்தின் விலை. இணையத்துக்கு ஒருவரும் டிவிக்கு இன்னொருவருமாக வைத்திருப்பதையே பரிந்துரைக்கிறோம்.

இந்திய டிஷ் பற்றிச் சுருக்கமாக. இந்தியச் சந்தாவில் இங்கே ஓடும் அந்த இணைப்புகள் இலங்கையில் உரிமம் பெற்றவை அல்ல. இந்தியாவில் ஒழுங்குறுத்தும் அமைப்பான ட்ராய் 2017 இல் கொண்டுவந்த கட்டண உத்தரவு 2019 இல் நடைமுறைக்கு வந்தபின், ஒவ்வொரு கட்டண அலைவரிசைக்கும் விலை வெளிப்படையாகப் போட வேண்டும், வேண்டியதை மட்டும் எடுக்கலாம் என்றாயிற்று. நல்ல ஏற்பாடு, நமக்கும் வேண்டியது. ஆனால் அந்த உரிமை இந்திய முகவரியில் பதிந்த சந்தாதாரருக்கு. இங்கே கடையில் ரீலோட் செய்பவருக்கு எந்த நாட்டிலும் முறைப்பாடு சொல்ல இடமில்லை. கடை மூடினால் காசும் போயிற்று. ஒரு வருடத்துக்கு முன்கூட்டிக் கட்டவே வேண்டாம்.

இனி பில். 2022 செப்டெம்பர் 5 முதல் தொலைபேசி, இணையக் கட்டணங்களை 20 சதவீதமும் கட்டண டிவியை 25 சதவீதமும் உயர்த்தத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு அனுமதி கொடுத்தது. அதற்குமேல் வரிகள் ஏறின. வற் வரி 2022 தொடக்கத்தில் 8 சதவீதம், அந்த ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. இடையில் 2022 ஒக்டோபரில் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்பு வரி வந்தது. 1,000 ரூபா டிவிப் பொதி ஒன்றை எடுத்துக் கணக்குப் போடுங்கள். இந்த இரண்டு வரிகளை மட்டும் சேர்த்தால் முன்பு 1,080. உயர்வுக்குப் பின் பொதி 1,250, சமூகப் பாதுகாப்பு வரியோடு 1,281.25, அதன்மேல் வற் சேர்த்தால் 1,512. அலைவரிசை ஒன்றுகூடக் கூடாமல் 40 சதவீதம் ஏறியிருக்கிறது. 25 தான் கூட்டினோம் என்று ஒருவர் சொல்வதும், 40 கூடிவிட்டது என்று மற்றவர் சொல்வதும் இரண்டும் உண்மை. ஆகவே துண்டுப்பிரசுரத்தில் "வரிகள் தவிர்த்து" என்ற சிறிய எழுத்தைக் கண்டால், விலையை 1.21 ஆல் பெருக்கிப் பாருங்கள். 2,000 ரூபாப் பொதி 2,420 அளவில் வந்து நிற்கும். வேறு சிறு அறவீடுகள் இருந்தால் பில்லின் வரிப் பகுதியில் தனியாகக் காட்டியிருக்கும்.

கட்டணத்துக்கு அனுமதி கொடுக்கும் ஆணைக்குழு 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தையும் 1996 இன் திருத்தத்தையும் கொண்டு இயங்குகிறது. அதே அரசின் திறைசேரி டெலிகொம்மில் 49.5 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது. விலையைக் கட்டுப்படுத்த வேண்டியவருக்கும் விலை ஏறினால் இலாபம் பெறுபவருக்கும் ஒரே வீடு. கைபேசிப் பக்கமும் சுருங்கிவிட்டது: 2018 இல் ஹட்ச் எடிசலாத்தை எடுத்தது, 2024 இல் டயலொக் எயார்டெல்லை எடுத்தது. ஐந்தாக இருந்தவை மூன்றாயின. 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், 1987 இன் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தை நீக்கியபோது, நிறுவனங்கள் ஒன்றோடொன்று சேர்வதை முன்கூட்டிப் பரிசீலிக்கும் அதிகாரம் கைவிடப்பட்டது. கிழக்கில் ஒரு சிறு ஊருக்கு இதன் விளைவு நேரடியானது. இரண்டாவது கம்பி இழுக்க எவருக்கும் அவசரமில்லை. 2025 ஜூலையில் செய்மதி இணையமான ஸ்ரார்லிங்க் வந்தது உண்மை. ஆனால் சாதனம் ஒரு லட்சத்துக்கு மேல், மாதம் பத்தாயிரத்துக்கு மேல் என்று தொடங்கிய சேவை நிலாவெளி விடுதிக்குக் கட்டுப்படியாகலாம், கிண்ணியாவில் ஒரு மீன்பிடிக் குடும்பத்துக்கு எப்படி ஆகும்?

ஆகையால் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை வேகம் பற்றியவை மட்டுமல்ல. ஒப்பந்தம் எத்தனை மாதம்? இடையில் விலகினால் எவ்வளவு? ரவுட்டரும் டிஷ்ஷும் யாருடைய சொத்து? வீடு மாறினால் மாற்றக் கட்டணம் எவ்வளவு, மாறும் இடத்தில் இணைப்பு இல்லை என்றால் ஒப்பந்தம் என்னாகும்? வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குக் கடைசிக் கேள்விதான் முக்கியம். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள்.

பழுது என்றால் கொம்பனிக்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். இலக்கம் இல்லாத அழைப்பு எந்தக் கணக்கிலும் இல்லை. டெலிகொம்முக்கு 1212. தீரவில்லை என்றால் ஆணைக்குழுவுக்கு 1900. எழுத்தில் அனுப்புவதானால் 276, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 08. தமிழிலேயே எழுதலாம். முறைப்பாட்டு இலக்கங்கள், திகதிகள், கடைசி மூன்று பில்களின் பிரதி, கேபிளில் அளந்த வேகத்தின் படங்கள், ஒளி அளவு எழுதிய பெட்டியின் படம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கடிதத்தில் வையுங்கள். "இணையம் சரியில்லை" என்ற கடிதம் போன வழியே திரும்பி வரும். விற்ற கடை பற்றிய முறைப்பாடு, அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது, பற்றுச்சீட்டுத் தர மறுப்பது என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977.

விலகும்போது பில் கட்டாமல் விட்டால் இணைப்புத் தானாக நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். சேவை நிற்கும், மாதக் கட்டணம் சிலகாலம் ஏறிக்கொண்டேயிருக்கும், பிறகு நிலுவைக் கடிதம் வரும். கிளைக்குத் தேசிய அடையாள அட்டையோடு போய், துண்டிப்புப் படிவம் நிரப்பி, பெட்டியை அடப்டரோடும் ரிமோட்டோடும் ஒப்படைத்து, சாதனங்களின் தொடர் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டை வாங்குங்கள். இறுதிப் பில் பூச்சியம் என்று வரும்வரை அதைப் பத்திரமாக வையுங்கள்.